ஒட்டு மூக்கின் கதை: மூக்கறுப்புப் போரிலிருந்து சிலிக்கோன் வரை

"அவனை நல்லா மூக்கறுத்துட்டேன்டா" என்று பெருமையடிக்காதவர் நம்மில் யார்? வகுப்பில் ஒருத்தன் தப்பாகப் பதில் சொல்லி மாட்டினால் "மூக்குடைபட்டான்" என்போம். நம்ம ஊரில் மானம் குடியிருக்கிற இடம் மூக்குதான். ஆனால் இந்தப் பேச்சுக்குப் பின்னால் நிஜமான கத்தி இருந்த காலம் ஒன்று உண்டு. அதைப் பற்றியும், மூக்கும் கண்ணும் காதும் போனவர்கள் அதற்குப் பதிலாக எதை வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் எங்கள் பக்கத்துத் தெரு பெரியப்பா ஒருவர். 2021ல் கொரோனா இரண்டாம் அலையில் பிழைத்து வந்தவரைக் கருப்புப் பூஞ்சை பிடித்தது. சர்க்கரையும் இருந்தது. உயிரைக் காப்பாற்ற வலது கண்ணையும் சுற்றியுள்ள சதையையும் எடுத்துவிட்டார்கள். பிறகு சிலிக்கோனில் கண், இமை, கொஞ்சம் கன்னம் எல்லாம் சேர்த்துச் செய்து, மூக்குக்கண்ணாடிச் சட்டத்தோடு பொருத்திக் கொடுத்தார்கள். முதல் நாள் பார்த்தபோது அசந்துபோனேன். எது நிஜக் கண் என்று ஒரு நிமிடம் தெரியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து தியாகதுருகம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் தலையில் துண்டைப் போட்டு வலது பக்கத்தை மூடியிருந்தார். ஏன் பெரியப்பா என்று கேட்டேன். "மூஞ்சி வெயில்ல கறுத்துடுச்சு தம்பி, இது வெளுத்துடுச்சு. ரெண்டு ஆளு மூஞ்சிய ஒண்ணா ஒட்டின மாதிரி இருக்கு. துண்டே தேவலாம்" என்றார்.

மட்டமான சாமானைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, யாரும் ஏமாற்றவில்லை. உலகத்தில் எங்கே செய்தாலும் அதன் ஆயுள் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஏன் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூக்கறுப்புப் போர்

1650களின் பிற்பாதி. மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சியின் கடைசிக் காலம். மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையாரின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கியது. வழியில் அகப்பட்டவர்களை ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் மூக்கை அறுத்தது. அன்றைக்கு மதுரைப் பக்கம் இருந்த ஏசுசபைப் பாதிரியாரின் கடிதத்தில் இந்தக் கொடுமை பதிவாகியிருக்கிறது. ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி படையோடு வந்து உதவ, மைசூர்ப் படை பின்வாங்கியது. பிறகு மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் போய் அதே காரியத்தைச் செய்தது. வரலாற்றில் இதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர்.

யார் ஜெயித்தார்கள், சேதுபதிக்கு என்ன பட்டம் கிடைத்தது என்பதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. மூக்கில்லாமல் வீடு திரும்பியவர்கள் மறுநாள் காலையில் என்ன செய்தார்கள்? எப்படிச் சந்தைக்குப் போனார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் நூற்று முப்பது வருடம் போக வேண்டியிருந்தது. அந்தப் பதில் வந்த போர் எங்கள் ஊர் மலையடிவாரத்துக்கும் வந்த போர்.

எங்கள் மலையும் ஒரு வண்டிக்காரரும்

தியாகதுருகம் மலைக்கோட்டையை பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். கும்பினிக்காரர்களின் ஏடுகளில் இதன் பெயர் 'தியாகர்'. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 டிசம்பரில், திப்பு சுல்தானே படையோடு இந்த மலையடிக்கு வந்தார். சுற்றுவட்டார ஜனங்கள் பயந்து கோட்டையடிப் பேட்டைக்குள் வந்து அடைந்திருந்தார்கள். உள்ளே கும்பினிப் படைக்குத் தலைவர் கேப்டன் ஃபிளின்ட். 1780-81ல் வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலியிடமிருந்து காப்பாற்றிய அதே ஆள். பேட்டையைப் பிடிக்கத் திப்பு செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. அவர் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார்.

அதே போரில், வேறொரு இடத்தில், கவாஸ்ஜி என்ற மராட்டியர் ஒருவர் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள் என்கிறது கும்பினித் தரப்புப் பதிவு. ஒரு வருடத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தார். பிறகு பூனா பக்கத்தில் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். அதை இரண்டு ஆங்கில மருத்துவர்கள் கூட இருந்து பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது.

செய்முறை இதுதான். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்தில் வைத்து மூக்கு மாதிரி வளைப்பார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து ஓரம் வரைவார். வரைந்த அளவுக்கு நெற்றித் தோலை உரிப்பார், ஆனால் இரண்டு புருவத்துக்கு நடுவே ஒரு சின்னப் பட்டை மட்டும் ஒட்டியிருக்கும். அந்தப் பட்டை வழியாக ரத்தம் ஓடும். தோலைத் திருப்பிக் கீழே இறக்கிக் காசுக்கட்டிப் பசையால் ஒட்டுவார். புதுத் தோல் பிடித்த பிறகு பட்டையை அறுத்துவிடுவார். சுஸ்ருத சம்ஹிதையில் கன்னத்துத் தோலை எடுத்து மூக்குச் செய்யும் முறை இருக்கிறது. நெற்றித் தோல் முறை கைத்தொழில் மாதிரிக் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறது.

பத்திரிகைச் செய்தியைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் பல வருடம் யோசித்து, 1814ல் அதே முறையில் ஒருவருக்கு மூக்கு வைத்தார். 1816ல் புத்தகமாக எழுதினார். இன்றும் நெற்றித் தோல் முறைக்கு மருத்துவ உலகில் 'இந்திய முறை' என்று பெயர் உண்டு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கவாஸ்ஜியின் மூக்கு அவருடைய சொந்தத் தோல். முகம் கறுத்தால் அதுவும் கறுக்கும், வேர்த்தால் அதுவும் வேர்க்கும், கீறினால் ஆறும். வெயில் அதற்குப் பழக்கப்பட்டது.

ஆனால் எல்லோருக்கும் இது முடியாது. கண்ணைச் சதையால் செய்ய முடியாது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுத்த இடத்தில் தோல் சரியாகப் பிடிக்காது. சிலருக்குத் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடம்பு இல்லை. அவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு பொருளால் உறுப்பைச் செய்து மாட்டுவதுதான் வழி. அந்த வழியின் கதை வேறு.

பித்தளை, தாமிரம், ஜெலட்டின்

டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே 1566ல் ஒரு வாள் சண்டையில் மூக்கின் ஒரு பகுதியை இழந்தார். அவர் வெள்ளி, தங்க மூக்கு வைத்திருந்ததாகப் பல காலம் சொன்னார்கள். 2010ல் பிராகில் அவருடைய கல்லறையைத் திறந்து எலும்பைச் சோதித்தார்கள். அவர் பித்தளை மூக்கு அணிந்திருந்தார் என்று 2012ல் முடிவு வந்தது. (நானூறு வருடம் ஊரை ஏமாற்றிய மூக்கு!) பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே 1575ல் வெளியிட்ட நூல் தொகுப்பில் வெள்ளி, தங்கம், காகிதக்கூழ் ஆகியவற்றால் செய்த மூக்குகளின் படங்கள் இருக்கின்றன. தலையைச் சுற்றி நூலால் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் உலகப் போர் இந்தத் தேவையை ஆயிரக்கணக்கில் பெருக்கியது. பதுங்கு குழியிலிருந்து தலையை நீட்டினால் முகத்தில்தான் அடி. லண்டனில் சிற்பி ஃபிரான்சிஸ் டெர்வென்ட் வுட் ஒரு ராணுவ மருத்துவமனையில் முகமூடிக் கூடம் நடத்தினார். சிப்பாய்கள் அதற்குத் 'தகர மூக்குக் கடை' என்று பெயர் வைத்தார்கள். பாரிசில் அமெரிக்கச் சிற்பி அன்னா கோல்மன் லாட் செஞ்சிலுவைச் சங்கத்தின் கீழ் 1918ல் இதே வேலையைச் செய்தார். காயம்பட்டவரின் பழைய போட்டோவைப் பார்த்து, தாள் போல மெல்லிய தாமிரத்தில் முகமூடி செய்து, அவர் அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே எனாமல் பெயின்ட் அடிப்பார். மேகமூட்டமான நாளுக்கும் வெயில் நாளுக்கும் பொதுவாக ஒரு நிறம் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

உழைப்பில் குறையே இல்லை. ஆனால் பெயின்ட் உரியும், தகடு நசுங்கும். முகத்துக்கு வயது ஏறும், முகமூடிக்கு ஏறாது. இருபத்தைந்து வயதுப் பையனின் கன்னத்தை நாற்பது வயதில் மாட்டிக்கொண்டு எங்கே போவது?

மற்றப் பொருள்களையும் பார்த்துவிடுவோம். கெட்டி ரப்பரான வல்கனைட் கடினம், ஒளி ஊடுருவாது, செத்த நிறமாக இருக்கும். ஜெலட்டின், கிளிசரின் கலவை அச்சு அசலாகத் தோல் மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு நாள், இரண்டு நாளில் கெட்டுவிடும். அச்சை வீட்டில் வைத்துக்கொண்டு, இட்லி ஊற்றுவது போலத் தினமும் தானே ஊற்றிக்கொள்ள வேண்டும். ரப்பர் பால் மென்மையானது, ஆனால் சில மாதத்தில் மஞ்சளித்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த அக்ரிலிக் நிறம் நிற்கும், உழைக்கும், ஆனால் பல்செட் மாதிரி விறைப்பு, சிரித்தால் கன்னத்தோடு அசையாது. பிறகு பி.வி.சி. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மெல்ல வெளியேற, ஓரங்கள் விறைத்து, கறை படிந்து வீணாகும்.

வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. நிறம் நின்றால் மென்மை இல்லை, மென்மை இருந்தால் ஆயுள் இல்லை. செய்யும்போது எல்லாமே அழகாகத்தான் இருந்திருக்கிறது. தோற்றது பிறகு, வெயிலிலும் வேர்வையிலும்.

சிலிக்கோன் வந்தது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தனிமம் சிலிக்கான். செல்போன் உறை, குழந்தைப் பால்புட்டி நிப்பிள் செய்யும் ரப்பர் சிலிக்கோன். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலிதான் இந்த ரப்பரின் முதுகெலும்பு. மணலிலும் கண்ணாடியிலும் இருப்பது இதே பிணைப்பு. சங்கிலியின் இரண்டு பக்கமும் மீத்தைல் என்ற கரிமத் துணுக்குகள் தொங்குவதால் கண்ணாடி போல் விறைக்காமல் வளைந்து கொடுக்கிறது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஃபிரெடெரிக் கிப்பிங் இந்தச் சேர்மங்களை நாற்பது வருடம் போல ஆராய்ந்தார். பெயர் வைத்தவரும் அவர்தான். 1936ல் ஒரு சொற்பொழிவில், இந்தத் துறையில் சீக்கிரம் பெரிய முன்னேற்றம் வருமென்று நம்பிக்கை இல்லை என்கிற பொருளில் பேசினார். நான்கே வருடத்தில், 1940ல், அமெரிக்காவில் யூஜின் ரோச்சோ மலிவாகத் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1943ல் டவ் கார்னிங் நிறுவனம் தொடங்கியது. 1960ல் ஜார்ஜ் பார்ன்ஹார்ட் என்பவர் முக உறுப்புகள் செய்ய சிலிக்கோனைப் பயன்படுத்தி ஆய்வுக் கட்டுரை எழுதினார். அன்றிலிருந்து அந்த இடத்தை வேறு பொருள் பிடிக்கவில்லை.

செய்கிற விதத்தில் பூனாக்காரரின் வாசனை இன்னும் இருக்கிறது. முதலில் மெழுகில்தான் மூக்கையோ காதையோ செதுக்குகிறார்கள். அதை ஜிப்சம் அச்சாக்கி, நோயாளியை எதிரே உட்கார வைத்து நிறம் கலந்த சிலிக்கோனை ஊற்றுகிறார்கள். ரத்த நாளம் தெரிய சிவப்பு இழைகளைக் கூடத் தூவுகிறார்கள். கடைசியில் மேலே ஒரு மெல்லிய சாயப் பூச்சு.

பிறகு ஏன் வெளுக்கிறது?

நானும் அதைத்தான் கேட்டேன். ஏனென்றால் கணக்குப்படி வெளுக்கக் கூடாது. கரிமம்-கரிமம் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 346 கிலோஜூல் வேண்டும். சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்புக்குச் சுமார் 444. வெயிலில் தரைக்கு வந்துசேரும் புறஊதாக் கதிரில், 300 நானோமீட்டர் அளவில், ஏறத்தாழ 400 கிலோஜூல்தான் இருக்கிறது. அதாவது சாதாரண பிளாஸ்டிக்கின் முதுகெலும்பை உடைக்கிற வெயிலால் சிலிக்கோனின் முதுகெலும்பை உடைக்க முடியாது.

முதுகெலும்பு தப்பிக்கிறது, கூட இருப்பவைதான் மாட்டிக்கொள்கின்றன. முதல் பலி நிறமி. மேல்பூச்சு முதலில் போகும். உள்ளே கலந்த நிறங்களில் கரிமச் சாயங்கள் சீக்கிரம் வெளுக்கும். இரும்பு ஆக்சைடு போன்ற மண் நிறங்கள் ஓரளவு தாங்கும். சிவப்பு வெளுத்துவிட்டால் முகத்தில் உயிர்க்களை போய்விடுகிறது.

இரண்டாவது, பக்கத்தில் தொங்கும் மீத்தைல் துணுக்குகள். வெயிலிலும், உள்ளே மிச்சமிருக்கும் வினையூக்கி, அசுத்தங்களாலும் அவை வினைபுரிந்து சங்கிலிகளுக்கு இடையே புதுப் பாலங்கள் உண்டாகின்றன. பாலம் கூடக் கூட ரப்பர் இறுகும், இழுத்தால் நீளாமல் கிழியும். தோலோடு தோலாகத் தெரிய வேண்டும் என்று ஓரத்தைத் தாள் போல மெலிதாகச் செய்திருப்பார்கள். கிழிவது அங்கேதான். பசை போட்டு ஒட்டி உரிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

மூன்றாவது, நாமே. முகத்தில் சுரக்கும் எண்ணெயைச் சிலிக்கோன் உறிஞ்சும். வேர்வை, பவுடர், புகை, தூசி எல்லாம் படியும். சுத்தம் செய்யும் திரவமும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். உள்பக்கம் ஈரமும் சூடும் இருப்பதால் கேண்டிடா என்ற பூஞ்சையும் குடியேறும். மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட ஆய்வில், இருட்டில் வைத்த துண்டுகளின் நிறம்கூட மாறியிருந்தது. வெயில் வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். பெட்டியில் பூட்டி வைத்தாலும் மூப்பு வரும்.

நிறமாற்றத்தை ஒரு எண்ணால் அளக்கிறார்கள். 2009ல் வந்த ஓர் ஆய்வின்படி, வெளிர்நிறத் தோல் மாதிரிகளில் அந்த எண் 3.0 தாண்டினால் பார்ப்பவர் கண்ணுக்கு ஒவ்வாது. கருநிற மாதிரிகளில் 4.4 வரை பொறுத்துக்கொள்கிறார்கள். நம்ம நிறத்துக்குக் கொஞ்சம் சலுகை உண்டு என்று சந்தோஷப்பட்டேன் :-) ஆனால் பெரியப்பாவின் பிரச்சினை அதற்கு மேல். சிலிக்கோன் வெளுக்கிற அதே மாதங்களில் முகம் கறுக்கிறது. அவர் கரும்புக் கழனியில் நிற்கிற மனுஷன். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனால் இடைவெளி இரட்டிப்பாகும். சில நாடுகளில் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று இரண்டு நிறத்தில் செய்து கொடுப்பது இதனால்தான்.

புறஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்கள், டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு நுண்துகள்கள் எல்லாம் கலந்து பார்க்கிறார்கள். பலன் இருக்கிறது. ஆயுள் கொஞ்சம் நீளும், மூப்பு நிற்காது. பொதுவாக ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்பதே இன்றைய நிலை.

ஒரு வணிகவியல் மாணவனின் சந்தேகம்

நாங்கள் முதல் வருடத்திலேயே படிக்கிற பாடம் ஒன்று உண்டு. முதலினச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு. கட்டடம் வாங்கினால் முதலினச் செலவு. அதிலும் தேய்மானம் எழுதி, மாற்றுவதற்கு நிதி ஒதுக்க வேண்டும். எண்ணெய், திரி மாதிரித் திரும்பத் திரும்ப வாங்குவது வருவாயினச் செலவு.

செயற்கை முகத்தை நாம் எந்தக் கணக்கில் எழுதுகிறோம்? அறுவை சிகிச்சை முடிந்தது, உறுப்பு கொடுத்தாயிற்று, கோப்பை மூடு. கொடுத்தவரும் ஒரு முறைச் செலவாக நினைக்கிறார், வாங்கியவரும் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்கிறார். ஆனால் பொருளின் பயன்பாட்டுக் காலம் இரண்டு வருடம். அறுபது வயதில் கண் போனவர் எண்பது வரை இருந்தால் குறைந்தது பத்து முறை செய்ய வேண்டும். இதை முதல் நாளே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், வெளுத்ததும் பெரியப்பா "என் தலையெழுத்து" என்று துண்டை எடுத்திருக்க மாட்டார். செருப்புத் தேய்ந்தால் புதுச் செருப்பு என்பது போல, நேரமாயிற்று என்று கிளம்பியிருப்பார்.

2021 மே 20 அன்று தமிழ்நாடு அரசு கருப்புப் பூஞ்சையை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அந்த ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் பாதிப்பு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அவர்களில் கண்ணையும் மேல்தாடையையும் இழந்து சிலிக்கோன் உறுப்பு வாங்கியவர்களுக்கு, முதலில் கொடுத்தது இன்றைக்கு ஆயுள் முடிந்துபோயிருக்கும். கவாஸ்ஜிக்கு ஒரு முறை வைத்தால் போதுமாக இருந்தது, ஏனென்றால் அது உயிருள்ள தோல். இவர்களுக்கு அப்படி இல்லை.

நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. இரண்டாவது முறை செய்வது முதல் முறை அளவுக்குக் கஷ்டமில்லை. காயம் ஆறி முகம் மாறாமல் இருந்தால், பழைய அச்சும் நிறக் கலவைக் குறிப்பும் பத்திரமாக இருக்கும்பட்சத்தில் மறுபடி ஊற்றலாம். இப்போது முகத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கவும் முடிகிறது. ஆகவே உங்கள் வீட்டில், தெருவில் யாராவது இப்படி உறுப்பு வாங்கினால் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அச்சை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? அடுத்தது எப்போது?

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கிப்பிங், கிலோஜூல் எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அப்ப இது எல்லாருக்குமே வெளுக்குமா?" என்று மட்டும் கேட்டார். எல்லாருக்கும்தான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கரும்பு வெட்டு முடியட்டும், போய் வருவோம்" என்றார். துணைக்கு நான் போகிறேன்.